இறந்தவரின் உடைமையும் சட்டத்தின் பொறுப்பும்

மனிதன் பிறக்கும்போது எதையும் கொண்டுவருவதில்லை, இறக்கும்போது எதையும் கொண்டுபோவதில்லை என்று நம் பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். தத்துவ நோக்கில் அது முற்றிலும் உண்மை. ஆயினும், வீதியில் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் திடீரென்று உயிர் துறந்தால், அவர் மேல் சில பொருள்கள் இருக்கவே செய்கின்றன. இடுப்பில் ஒரு வெள்ளி அரைஞாண், விரலில் ஒரு மோதிரம், சட்டைப்பையில் ஒரு ரயில் சீசன் சீட்டு, ஒரு கைப்பேசி, நான்காக மடித்த சில ரூபாய் நோட்டுகள், மருந்துக் கடைச் சீட்டு ஒன்று. இவற்றை யார் எடுத்து வைக்கிறார்கள்? யார் கணக்கு எழுதுகிறார்கள்? உரியவர் கைக்கு இவை எந்த வழியாக வந்து சேர்கின்றன?

வீட்டில், உற்றார் சூழ, நோயினால் இறப்பவரைப் பற்றி இந்தக் கேள்வி எழுவதில்லை. அவருடைய பொருள் வீட்டாரின் கண்முன்னே இருக்கிறது. விபத்திலும் கொலையிலும் தற்கொலையிலும் காரணம் புலப்படாத மரணத்திலும்தான் இது எழுகிறது. அப்போது உடலும் உடைமையும் சில நாட்களுக்குச் சட்டத்தின் கைக்குப் போய்விடுகின்றன. துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் குடும்பம், உடலைப் பெற்றால் போதும் என்று திரும்பிவிடுகிறது. பொருளைப் பற்றிக் கேட்க நாணுகிறது அல்லது அஞ்சுகிறது. பிறகு கேட்கும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆதலால் அந்தப் பொருள்கள் செல்லும் பாதையை எல்லோரும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மேனாட்டில் இத்தகைய மரணங்களை விசாரிக்கும் அதிகாரிக்குக் ‘கொரோனர்’ என்று பெயர். இங்கிலாந்தில் 1194-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பதவி அது. அந்தச் சொல்லுக்கு மூலம், மன்னரின் முடியைக் குறிக்கும் சொல்லே. மன்னருடைய கருவூலத்துக்கு வரவேண்டிய வருமானத்தைக் காப்பதே தொடக்கத்தில் அந்த அதிகாரியின் தலையாய வேலை. இறந்தவரின் பொருள்மீது அவர் கண் விழுந்ததற்குக் காரணம் அதுதான். கொடுங்குற்றம் செய்தவனுடைய பொருள் மன்னருக்குச் சேரும். தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவனும் குற்றவாளியாகவே கருதப்பட்டான். ஆகவே அவனுடைய பொருளும் மன்னருக்கே. இதைவிட வியப்பான விதி ஒன்றும் இருந்தது. ஒரு வண்டியோ குதிரையோ ஒருவரைக் கொன்றுவிட்டால், அந்த வண்டியின் அல்லது குதிரையின் விலையைக் கொரோனரின் ஜூரிகள் மதிப்பிடுவார்கள். அத்தொகை மன்னருக்குச் செலுத்தப்படும். ரயில்வண்டிகள் வந்து, எஞ்சின்களின் விலையை ஜூரிகள் மதிப்பிடத் தொடங்கிய பிறகு, 1846-இல் இந்த விதி நீக்கப்பட்டது. தற்கொலை செய்துகொண்டவரின் பொருளைப் பறிக்கும் வழக்கம் 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

அந்த விதியின் நிழல் நம் நாட்டிலும் விழுந்தது. வங்காளத்தில் காசிம்பஜார் ஜமீன்தாரான ராஜா கிருஷ்ணநாதர் 1844-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தற்கொலை செய்துகொண்டார். ஆங்கிலச் சட்டப்படி அவருடைய அசையும் பொருள்கள் எல்லாம் அரசுக்குச் சேரும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் உரிமை கொண்டாடினார்கள். அவருடைய விதவை ராணி சுவர்ணமயி எதிர்த்து வழக்காடினார். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. இங்கிலாந்தின் அந்தச் சட்டம் இந்துக்களைக் கட்டுப்படுத்தாது என்று 1863-இல் தீர்ப்பாயிற்று. கணவன் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அவர் விட்டுச்சென்ற பொருள் அவர் குடும்பத்துக்கே உரியது என்பது முடிவாயிற்று. இறந்தவரின் பொருளைத் தொடும் எந்த அதிகாரியும் அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அவர் காவலர் மட்டுமே. இன்றைய நடைமுறைக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

இந்தியாவில் கொரோனர் பதவி, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய தலைநகரங்களில் மட்டுமே இருந்தது. 1871-இல் அதற்கென்று தனிச்சட்டம் வந்தது. சென்னையில் 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அப்பதவி எடுக்கப்பட்டது. பம்பாயில் மட்டும் நெடுங்காலம் நிலைத்திருந்து 1999-இல் முடிவடைந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் ‘திடீர் மரண விசாரணை அதிகாரி’ என்று ஒருவரைக் குறிப்பிடுவது இதே மரபில் வந்த பதவியைத்தான்.

சென்னையில் கொரோனர் இருந்த காலத்திலும் அவருடைய அதிகாரம் நகர எல்லையோடு நின்றுவிட்டது. அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அன்று செங்கற்பட்டு ஜில்லாவின் கிராமங்கள். ஏரியில் ஒருவர் மூழ்கினாலும், பாம்பு தீண்டி ஒருவர் மாண்டாலும் செய்தி முதலில் கிராம முன்சீப்புக்கே போகும். சென்னை, பம்பாய் மாகாணங்களில் கிராமத் தலைவரே பிரேத விசாரணை நடத்தி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பலாம் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. இறந்தவர் யார், எந்தத் தெரு, காதில் இருந்த கடுக்கன் யார் வாங்கிக் கொடுத்தது என்பதெல்லாம் ஊராருக்குத் தெரியும். அந்நாளில் பட்டியல் சுருக்கமாக இருந்தாலும் ஊரின் நினைவு அதை நிரப்பிற்று.

அந்த ஊர் இன்று இல்லை. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. அதற்கு முன்பே இந்தப் பகுதியின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் திறக்கப்பட்ட தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை இந்த ஊர்களின் வழியாகவே செல்கிறது. இன்று அதே தடத்தில் மின்சார ரயில்கள் ஓயாமல் ஓடுகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் ஒரே அறையில் பலராய்த் தங்கியிருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாத இடத்தில் ஒருவர் திடீரென்று இறந்தால், அவரைப் பற்றிப் பேசக்கூடியது அவர் சட்டைப்பை ஒன்றுதான். ஊரின் நினைவு இல்லாத இடத்தில் அந்த வேலையை எழுத்துதான் செய்யவேண்டும்.

இப்போது இந்தப் பகுதி, 2022 ஜனவரி முதல் நாள் தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது. இருப்புப்பாதையில் நேரும் மரணங்களை ரயில்வே போலீசார் விசாரிக்கிறார்கள். இவர்கள் பின்பற்றும் முறையை, 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு வகுத்துள்ளது. முந்தைய சட்டத்தின் 174-ஆம் பிரிவாக இருந்ததுதான் இது. செய்தி கிடைத்ததும் நிலைய அதிகாரி நிர்வாக நடுவருக்குத் தகவல் அனுப்பிவிட்டு நேரில் செல்லவேண்டும். அக்கம்பக்கத்தில் வாழும் மதிப்புள்ளவர் இருவரையோ அதற்கு மேற்பட்டவரையோ வைத்துக்கொண்டு உடலைப் பார்வையிட வேண்டும். காயங்களையும், மரணத்துக்குத் தோன்றும் காரணத்தையும் எழுதவேண்டும். உடனிருந்தவர்களில் அக்கருத்தை ஒப்புக்கொள்பவர்கள் கையெழுத்திட வேண்டும். அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மேலதிகாரியான நடுவருக்குச் செல்லவேண்டும். போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் விசாரணை நீதித்துறை நடுவரிடம் போகும். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கிடமாக இறந்தால், நம் மாநிலத்தில் கோட்டாட்சியர் விசாரிக்கிறார்.

உடைமைகளின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இறந்தவர் உடுத்தியிருந்தது என்ன, அணிந்திருந்தது என்ன, பக்கத்தில் கிடந்தது என்ன என்பதெல்லாம் அப்போதே குறிக்கப்படவேண்டும். சம்பவ இடத்தில் கைப்பற்றிய பொருள்களுக்கு மகஜர் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு உடல் ஒரு காவலர் பாதுகாப்பில் பிரேதப் பரிசோதனைக்குச் செல்கிறது. மேற்குப் புறநகரிலிருந்து பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். பரிசோதனை முடிந்ததும், உடலின் மேலிருந்து எடுத்த துணிகளையும் மற்றப் பொருள்களையும் மருத்துவர் அந்தக் காவலரிடமே ஒப்படைக்கிறார். காவலர் அவற்றை ஆய்வாளரிடம் சேர்க்கிறார். வழக்குக்கு வேண்டியவற்றை ஆய்வாளர் ‘படிவம் 95’ என்னும் பட்டியலோடு நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். இரத்தக் கறை படிந்த துணியை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அது மக்கிவிடும். ஆகையால் நிழலில் உலர்த்திக் காகிதத்தில் பொதிகிறார்கள். நீதிமன்றத்தின் வேண்டுகோளோடு அது தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகிறது. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் தோன்றியது.

இவ்வாறு ஒரு பொருள் நான்கைந்து கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையும், முன்னவரிடமிருந்து எதை வாங்கினோம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் இரண்டு தீமைகள் விளைகின்றன. நீதிமன்றத்தில் அந்தப் பொருளின் சாட்சி வலுவிழக்கிறது; வீட்டில் ஐயம் பிறக்கிறது. “அம்மா கழுத்தில் இரட்டை வடம் இருந்ததே, ஒற்றை வடம்தானே வந்திருக்கிறது?” என்று பிள்ளைகள் கேட்கும்போது, நேர்மையாக நடந்துகொண்ட ஊழியரும் பட்டியல் இல்லாவிட்டால் வாயடைத்து நிற்கவேண்டியதுதான்.

பட்டியல் எழுதுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. போலீஸ் பட்டியலில் “தங்கச் சங்கிலி” என்று எழுதாமல் “மஞ்சள் நிற உலோகச் சங்கிலி” என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் மனம் புண்படுகிறார்கள். தங்கள் வீட்டு நகையைப் பித்தளை என்று சொல்வதாக எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. எழுதுபவருக்கு உரைகல் பார்க்கத் தெரியாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவதே அவர் கடமை. தங்கம் என்று எழுதிவிட்டுப் பின்னர் முலாம் என்று தெரிந்தால், இடையில் யாரோ மாற்றிவிட்டதாகப் பழி வரும். ஆனால் நிறத்தோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. எத்தனை கண்ணி, எந்த மாதிரிக் கொக்கி, எத்தனை குண்டு, என்ன எடை, எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்று குறிக்கவேண்டும். புகைப்படமும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

பொருளின் அடையாளத்தை நுணுகிப் பார்க்காததால் விளையும் கேட்டைத் தமிழருக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே ஒன்று: சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா? அதை உடைத்துக் காட்டக் கண்ணகி வரவேண்டியிருந்தது. அதற்குள் கோவலன் மாண்டுபோனான். கைப்பற்றிய அன்றே பொருளை விவரமாகப் பார்த்து ஒப்பிடவேண்டும் என்று இன்றைய சட்டம் வற்புறுத்துவதன் நியாயம் அந்தக் கதைக்குள் அடங்கியிருக்கிறது.

இறந்தவருடைய பொருள் எவ்வளவு பெரிய சாட்சியாகும் என்பதை இந்தப் பகுதி மக்கள் தம் காலத்திலேயே கண்டார்கள். 1991 மே 21-ஆம் நாள் இரவு, பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு மாண்டவர்களில் ஹரிபாபு என்னும் புகைப்படக்காரரும் ஒருவர். அவருடைய புகைப்படக் கருவி சிதையாமல் கிடந்தது. அதிலிருந்த சுருளில் பத்துப் படங்கள். கையில் மாலையோடு நின்ற பெண்ணையும் மற்றும் சிலரையும் அந்தப் படங்களே புலனாய்வாளர்களுக்குக் காட்டிக் கொடுத்தன. அந்த வழக்கைத் தனி நீதிமன்றம் பூவிருந்தவல்லியில் விசாரித்து 1998 ஜனவரி 28-இல் தீர்ப்புச் சொன்னது. அன்றிரவு அந்த மைதானத்தில் யாரேனும் ஒருவர், “நல்ல காமிரா, வீணாய்க் கிடக்கிறதே” என்று எடுத்துக்கொண்டு போயிருந்தால் விசாரணை எந்தத் திசையில் தடுமாறியிருக்குமோ! மரணம் நிகழ்ந்த இடத்தில் எதையும் தொடாதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதனால் விளங்கும்.

சாட்சி சொல்வதோடு, இறந்தவர் யார் என்று அறிவிப்பதும் உடைமையின் வேலையாகிறது. தையற்கடைக்காரர் சட்டைக் கழுத்தில் தைத்த சிறு துண்டு, சலவைக்காரர் இட்ட குறி, பேருந்துச் சீட்டு, தொழிற்சாலை அடையாள அட்டை, கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கும் அழைப்பு ஆகியவை பெயரறியாத உடலுக்குப் பெயர் கொடுக்கின்றன. ஆகவே அடையாளம் தெரியாதவரின் பொருளில் அற்பமானது என்று எதையும் எறிந்துவிடக் கூடாது. ஐம்பது ரூபாய் நோட்டைவிட ஒரு கசங்கிய மருந்துச் சீட்டு அதிக விலை பெறும் இடம் அது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பொருள் அடையாளம் காட்டும். சில வேளை தவறாகவும் காட்டும். ஒருவருடைய பையை மற்றொருவர் தூக்கிக்கொண்டிருக்கலாம். நண்பனின் சட்டையை நண்பன் அணிந்திருக்கலாம். பெருவிபத்துகளில் உடல்களை அடையாளம் காண்பதற்கு உலக நாடுகளின் போலீஸ் அமைப்பான இன்டர்போல் வகுத்த முறையில், கைரேகை, பற்கள், மரபணு ஆகிய மூன்றுமே முதல்நிலைச் சான்றுகள். உடையும் நகையும் அவற்றுக்குத் துணைநிற்பவை. 2023 ஜூன் 2-ஆம் நாள், சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவுவண்டி ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் விபத்துக்குள்ளாயிற்று. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே உடலைப் பல குடும்பங்கள் தம்முடையது என்று சொன்ன நிலையும் ஏற்பட்டது; மரபணுப் பரிசோதனை செய்தே பல உடல்களை ஒப்படைத்தார்கள். அப்படியும் யாரும் உரிமை கோராத 28 உடல்களுக்கு அவ்வாண்டு அக்டோபரில் புவனேசுவரத்தில் இறுதிச்சடங்கு நடந்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வேலை செய்யும் வெளிமாநிலத்தார் தம் ஊர் முகவரியையும் வீட்டார் கைப்பேசி எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி உடன் வைத்துக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, பொருள் வீடு திரும்பும் வழியைப் பார்ப்போம். மரணத்தில் குற்றம் எதுவும் இல்லை என்று தெளிவாகி, வழக்குக்குப் பொருள் தேவைப்படாவிட்டால், உறவினரிடம் ஒப்புகை பெற்று அதைக் கொடுத்துவிடலாம். வழக்குக்கு வேண்டியதாக நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்ட பொருளை நடுவரின் உத்தரவின்றிப் பெற இயலாது. அதற்கு மனுச் செய்யவேண்டும். வழக்கு முடியும்வரை நகையும் வாகனமும் போலீஸ் நிலையத்தில் கிடந்து துருப்பிடிப்பதும் களவு போவதும் நாடு முழுவதும் இருந்த குறை. 2002-ஆம் ஆண்டில், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் என்பவர் குஜராத் மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. பொருளை விவரித்து எழுதி, புகைப்படம் எடுத்து, பிணைப்பத்திரம் பெற்றுக்கொண்டு உரியவரிடம் விரைவில் கொடுத்துவிட வேண்டும். பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டியதில்லை என்று அது கூறியது. புதிய சட்டத்தின் 497-ஆம் பிரிவும் அதே நெறியைப் பின்பற்றுகிறது. பொருள் நீதிமன்றத்துக்கு வந்த பதினான்கு நாட்களுக்குள் அதன் விவரத்தை எழுதவேண்டும், படம் எடுக்கவேண்டும், அதன்பின் முப்பது நாட்களுக்குள் அதை என்ன செய்வதென்று உத்தரவிடவேண்டும்.

உரியவர் யாரென்று தெரியாவிட்டால் 503-ஆம் பிரிவின்படி நடுவர் ஓர் அறிவிப்பு வெளியிடுகிறார். பொருளின் விவரத்தைச் சொல்லி, உரிமையுள்ளவர் ஆறு மாதத்துக்குள் வந்து அதை நிலைநாட்டவேண்டும் என்று கேட்கும் அறிவிப்பு அது. எவரும் வராவிட்டால் பொருள் அரசின் பொறுப்புக்குச் செல்லும். ஆறு மாதம் என்பது நீண்ட காலம்போல் தோன்றும். ஆனால் பீகாரின் ஒரு கிராமத்தில், மகன் ஏன் பணம் அனுப்பவில்லை என்று தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு, பூவிருந்தவல்லி நீதிமன்றத்தின் அறிவிப்பு எப்படி எட்டும்? உடலுக்குரியவரைத் தேடுவதும் பொருளுக்குரியவரைத் தேடுவதும் ஒரே வேலைதான். முன்னதைக் கைவிட்டால் பின்னதும் கைவிடப்படுகிறது.

இன்னொன்றையும் தெளிவாக உணரவேண்டும். பொருளைப் பெற்றுக்கொண்டவர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. மூத்த மகன் கையெழுத்திட்டு மோதிரத்தை வாங்கினான் என்பதனால் தங்கையின் பங்கு போய்விடாது. யார் வாரிசு என்பதை வாரிசுரிமைச் சட்டங்கள் முடிவு செய்கின்றன. தாசில்தார் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்றிதழும், தேவையானபோது நீதிமன்றத்தில் பெறும் சான்றும் அதற்கு உதவுகின்றன. திருமணமான பெண்ணின் நகைகளைப் பற்றித் தனி விதியே இருக்கிறது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் அவள் இயற்கைக்கு மாறாக இறந்தால், அவளுக்குக் கொடுத்த சீதனப் பொருள், பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்கும், இல்லாவிட்டால் அவளுடைய பெற்றோருக்கும் சேரவேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டம் கூறுகிறது. அவள் கழுத்திலிருந்த சங்கிலியைக் கணவன் வீட்டார் தாமே வாங்கிச் சென்றுவிடலாகாது.

பிணத்தின்மேல் இருந்ததை எடுத்தால் அது திருட்டா என்று சட்ட அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். திருட்டு என்றால் ஒருவர் வசத்திலிருந்து எடுக்கவேண்டும். இறந்தவருக்கு வசம் ஏது? இந்த இடைவெளியை அடைக்கவே 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 404-ஆம் பிரிவு தனியாக எழுதப்பட்டது. இறந்தபோது ஒருவர் வசமிருந்த பொருளை, உரிமையுள்ளவர் கைக்குப் போகுமுன் வஞ்சகமாக எடுத்துக்கொள்வது குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. இறந்தவரிடம் வேலை பார்த்தவரே அதைச் செய்தால் ஏழாண்டு வரை தண்டனை விதிக்கலாம். நம்பிக்கைக்குரியவன் செய்த துரோகம் பெரிது என்பது சட்டத்தின் கருத்து. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 315-ஆம் பிரிவாக இருக்கிறது.

இறந்தவரின் பொருளை ஒழுங்காகக் காப்பதில் இராணுவத்தாரின் முறை குறிப்பிடத்தக்கது. ஆவடி இரண்டாம் உலகப் போரின்போது பெரிய இராணுவக் கிடங்காக இருந்தது. இன்றும் விமானப்படை நிலையம் அங்கே உண்டு. படைவீரர் ஒருவர் இறந்தால் அவர் பெட்டியைத் திறப்பது ஒரு தனிமனிதரின் வேலையாக விடப்படுவதில்லை. அதற்கென்று அதிகாரிகள் அடங்கிய ஒரு குழு அமைக்கப்படுகிறது. அக்குழு பொருளைக் கைப்பற்றிப் பட்டியல் எழுதி, பாசறையில் அவர் வைத்த கடன்களைத் தீர்த்து, மீதியை உரியவருக்குச் சேர்ப்பிக்க வழிசெய்கிறது. 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதை விதிக்கிறது. ஒரே கண் பார்ப்பதைவிடப் பல கண்கள் பார்ப்பது பொருளுக்கும் நல்லது, பார்ப்பவருடைய நற்பெயருக்கும் நல்லது என்பது இதன் உட்கருத்து. பிரேத விசாரணையில் அக்கம்பக்கத்தார் இருவர் வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகவே. அவ்வாறு சாட்சியாக அழைக்கும்போது, “நமக்கேன் வம்பு” என்று கதவைச் சாத்திக்கொள்பவர், தமக்குத் தெரியாத ஒரு குடும்பத்தின் உரிமையையும் சேர்த்துச் சாத்திவிடுகிறார்.

முடிவாக, குடும்பத்தார் செய்யவேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்லலாம். துக்கத்தில் மூழ்கியவர்கள் இவற்றைச் செய்வது கடினம். ஆகவே நிதானமுள்ள உறவினர் ஒருவரோ நண்பர் ஒருவரோ இப்பொறுப்பை ஏற்கவேண்டும். இறந்தவர் அன்று அணிந்திருந்தவை இன்னின்ன என்று வீட்டாரைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். எழுத்தறியாதவரானால் உரக்கப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். குறை இருந்தால் சச்சரவு செய்யாமல், அக்குறையை அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்குச் சென்ற பொருளின் எண்ணையும் வழக்கு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப்பணிக் குழுவில், பெண்களும் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் தொழிலாளரும் பெருவிபத்தில் பாதிக்கப்பட்டோரும் இலவசமாக உதவி பெறலாம்.

பொருள் சிறிது என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம். கடைவீதியில் பத்து ரூபாய்க்கும் போகாத ஒரு மூக்குக்கண்ணாடி, அதை நாள்தோறும் துடைத்துக் கொடுத்த மனைவிக்கு விலைமதிப்பற்றது. உடைந்த கைப்பேசிக்குள் ஒரு தகப்பனின் குரல் பதிவாகியிருக்கும். சந்தை விலை பார்த்துப் பொருளை அளக்கும் உரிமை அதைக் காவல் காப்பவருக்கு இல்லை. பெயரையும் எண்ணிக்கையையும் பிழையில்லாமல் எழுதி, ஒரு பொட்டலத்தில் கட்டி, உரியவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தை வாங்கும்போதுதான் அந்த மரணத்தைப் பற்றிய அரசின் கடமை நிறைவு பெறுகிறது.